மூன்று கிரிவலம், ஒரே சறுக்கில்

டிரிஃப்ட் வீடியோவை முதல் தடவை பார்க்கிறவர்களின் கண் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். கார் இடது பக்கமாக வளைந்து போகிறது. முன் சக்கரங்களோ வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புகையும் சத்தமும் அப்புறம். வலது பக்கம் ஒடித்த வண்டி எப்படி இடது பக்கம் போகும்? டீக்கடையில் கேட்டால் ‘அதெல்லாம் ஸ்பெஷல் வண்டி சார்’ என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. பழைய அம்பாசடரிலும் இது நடக்கும். மழைநாளில் செம்மண் ரோட்டில் அதை விரட்டியவர்கள் விரும்பாமலேயே இதைச் செய்திருப்பார்கள்.

இந்தக் கேள்வியோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேசையில் ஒரு ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல், எதிரே கம்ப்யூட்டர் திரை. இதை வைத்துக்கொண்டு ஜப்பானிய மலைப்பாதைகளில் அழகாகச் சறுக்கி விளையாடும் பையன்கள் நம் ஊர்களிலும் வந்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, ‘நாமும் ஓட்டிப் பார்த்தால் என்ன’ என்கிற ஆசை கொஞ்சம் கூடவே பரவியிருக்கிறது. திரையில் சறுக்கத் தெரிந்தவனுக்கு நிஜக் காரில் சறுக்க வருமா?

பாதி வரும். எந்தப் பாதி வரும், எது வராது என்பதைச் சொல்ல முதலில் வட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டு வட்டங்கள்

திருவண்ணாமலையின் அடி அண்ணாமலையிலிருந்து இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. ஊரே ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை அதற்கு எதிர்ப்பக்கம், மலையின் பின்னால். சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உண்மையில் அது சீரான வட்டமல்ல. கணக்குக்காக வட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடுவிலிருந்து பாதை வரை சுமார் 2.2 கிலோமீட்டர்.

வட்டத்தில் போகும் எதையும் ஏதோ ஒன்று நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்பு நின்றால் அது நேர்கோட்டில் போய்விடும். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு மையநோக்கு விசை என்று பெயர். கார் விஷயத்தில் அந்த இழுப்பைத் தருவது ரோடும் டயரும் உரசும் உராய்வு. வேறு எதுவும் இல்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் கிரிவலம் நடக்கிறார். அவரை வட்டத்திலேயே வைத்திருக்கத் தேவையான இழுப்பு மூன்றரை கிராம் எடைக்குச் சமம். அவருக்கு அது தெரியவே தெரியாது. அதே ஆள் காரில் ஏறி 40 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால்? வேகம் பத்து மடங்கு. இழுப்பு பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு. சுமார் 340 கிராம். வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு என்று அது ஏறும். வளைவில் ‘கொஞ்சம்தான் ஸ்பீடா வந்தேன்’ என்று சொல்லி பள்ளத்தில் கிடப்பவர்களைக் கவிழ்த்த கணக்கு இதுதான்.

இப்போது இரண்டாவது வட்டம். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில் போர்ஷே நிறுவனம் வைத்திருக்கும் பயிற்சி வட்டம். ஒரு சுற்று 200 மீட்டர். எப்போதும் தண்ணீர் பாய்ச்சி ஈரமாக வைத்திருப்பார்கள். 2020-இல் அங்கே டென்னிஸ் ரெத்தெரா என்கிற பயிற்சியாளர் பின்சக்கரங்களால் ஓடும் டைக்கான் மின்சாரக் காரை ஒரு தடவைகூட நேராக்காமல் 210 சுற்று சறுக்கினார். மொத்தம் 42.171 கிலோமீட்டர், 55 நிமிடம். மின்சாரக் கார்களில் அன்றைக்கு அது கின்னஸ் சாதனை. நம் கணக்கில் சரியாக மூன்று கிரிவலம்.

சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர். திருவண்ணாமலை டவுன் பஸ்ஸின் வேகம். ஆனால் வட்டம் 70 மடங்கு சின்னது. 60 கிலோ ஆளை அந்த வட்டத்தில் வைத்திருக்க 31 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும், அதாவது அவர் எடையில் பாதி. காருக்கும் அதே விகிதம்தான்: ஒரு டன் கார் என்றால் அரை டன் இழுப்பு, ஈரத் தரையிலிருந்து.

இந்த ‘எடையில் எத்தனை பங்கு’ என்கிற எண்ணைப் பிடி எண் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றால் 0.8, 0.9 வரை கிடைக்கும். ஹாக்கன்ஹைம் ஈரத் தரையில் நாம் இப்போது கணக்குப் போட்டுக் கண்டது 0.5. பனிக்கட்டி மேல் 0.1 தேறினால் அதிகம். கிரிவலப் பாதையில் 40-இல் போகும் காருக்குத் தேவைப்படுவதோ 0.006-க்கும் கீழே. டயரின் மொத்தப் பிடியும் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். டிரிஃப்ட் என்பது அந்தப் பிடி முழுவதையும் செலவழித்த பிறகு ஆரம்பிக்கும் சங்கதி.

டயரின் கையிருப்பு

ஒரு டன் கார் ரோட்டை எவ்வளவு இடத்தில் தொடுகிறது? டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.1 கிலோ அழுத்தம். ஒவ்வொரு டயரும் 250 கிலோவைத் தாங்குகிறது. வகுத்துப் பார்த்தால் 120 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். காரின் பிடி மொத்தமும் இந்த அளவில் நான்கு துண்டு ரப்பர்தான்.

அந்த ரப்பருக்கு மூன்று வேலை: வண்டியை முன்னே தள்ள, நிறுத்த, பக்கவாட்டில் பிடித்துத் திருப்ப. மூன்றுக்கும் கையிருப்பு ஒன்றே. ஒரே கிணற்றிலிருந்து இரண்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது போல: ஓட்டத்துக்கும் திருப்பத்துக்கும். ஒரு வாய்க்காலை முழுக்கத் திறந்துவிட்டால் மற்றது காய்ந்துவிடும்.

ஆனால் கிணற்றுக் கணக்கு ஓர் இடத்தில் பொய்த்துப் போகிறது. கிணற்றில் 80 பங்கு ஒரு வாய்க்காலுக்குப் போனால் மற்றதற்கு 20 தான் மிச்சம். டயரில் 80 பங்கை ஓட்டத்துக்கு எடுத்தாலும் திரும்புவதற்கு 60 பங்கு இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கான திசைகள்; அதனால் இங்கே நடப்பது கழித்தல் அல்ல, செங்கோண முக்கோணக் கணக்கு. ஆக்சிலேட்டரைப் பாதி மிதிக்கும்வரை வண்டியின் வால் அசையாமல் இருந்து, இன்னும் கொஞ்சம் மிதித்ததும் திடீரென்று வெளியே போவதற்குக் காரணம் இந்த முக்கோணம். கடைசிப் பத்துப் பங்கில்தான் திருப்பத்தின் கையிருப்பு வேகமாகக் கரைகிறது. புதிதாகப் பழகுகிறவர் ‘ஒன்றுமே ஆகலையே’ என்று மிதித்துக்கொண்டே போய், ஒரே நொடியில் எதிர்த்திசையைப் பார்த்து நிற்பது இதனால்தான்.

இன்னொன்று. சாதாரண வளைவில்கூட டயர் தான் பார்க்கும் திசையில் அப்படியே போவதில்லை. ரப்பர் நெளிகிறது, ஒன்றிரண்டு டிகிரி விலகித்தான் போகிறது. பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையிலுள்ள இந்த விலகலைச் சறுக்குக் கோணம் எனலாம். சாதாரண டயரில் இது ஆறிலிருந்து பத்து டிகிரி வரை ஏற ஏறப் பிடியும் ஏறும். அதைத் தாண்டினால் பிடி மெதுவாக இறங்கும்; ஒரேயடியாக அறுந்து போகாது. இந்த இறக்கத்தில் வண்டியை விழாமல் நிறுத்தி வைப்பதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். தமிழில் சறுக்கோட்டம் என்று சொல்லிப் பார்க்கலாம். சறுக்கலும் உண்டு, ஓட்டமும் உண்டு.

வலது பக்கம் ஒடித்து இடது பக்கம் போவது

பின்சக்கரங்களால் ஓடும் வண்டி ஒன்று இடது வளைவில் போகிறது. ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கிறார். பின் டயர்களின் கையிருப்பு ஓட்டத்துக்கே போய்விட, பக்கவாட்டுப் பிடி குறைகிறது. வால் வெளியே, வலது பக்கம் வீசுகிறது. மூக்கு உள்ளே, இடது பக்கம் திரும்புகிறது. விட்டால் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். கார் போய்க்கொண்டிருக்கும் பாதையை விட அதன் உடல் 40 டிகிரி உள்ளே திரும்பியிருக்கிறது. ஓட்டுகிறவர் முன் சக்கரங்களை வலது பக்கம் 35 டிகிரி ஒடித்திருக்கிறார். பானெட்டை வைத்துப் பார்த்தால் சக்கரம் வலது பக்கம் பார்க்கிறது. ரோட்டை வைத்துப் பார்த்தால்? 40-இல் 35 போனால் 5. முன் சக்கரங்கள் பாதையை விட இன்னமும் 5 டிகிரி இடது பக்கம்தான் பார்க்கின்றன. இடது வளைவுக்குத் தேவையான சறுக்குக் கோணம் அவ்வளவே.

ஆக, முன் டயர் வழக்கமான வேலையைத்தான் வழக்கம்போலச் செய்துகொண்டிருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகத் திரும்பியிருப்பது காரின் உடல் மட்டும். அதோடு சேர்த்து நம் கண்ணையும் ஏமாற்றிவிடுகிறது. இந்த எதிர்ப்பக்கத் திருப்பலை எதிர்த்திருப்பு என்று குறிப்போம்.

பின்னால் இருக்கும் இரண்டு டயர்தான் உண்மையில் சறுக்குகின்றன. அங்கே ஆக்சிலேட்டரே இரண்டாவது ஸ்டீயரிங். கொஞ்சம் கூட்டினால் வால் இன்னும் வெளியே போகும். கொஞ்சம் குறைத்தால் பக்கவாட்டுப் பிடி திரும்பி வந்து வால் உள்ளே வரும். முழுக்க விட்டுவிட்டால் பிடி மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பும். அப்போது ஒடித்து வைத்த முன் சக்கரம் காட்டும் திசையில் வண்டி பாயும். புதியவர்கள் சுவரில் இடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீச்சில்தான். சறுக்கியதால் அல்ல, பயந்து காலை எடுத்ததால்.

எதிர்த்திருப்பைக் கை போட்டுச் செய்யவே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாகவே எதிர்ப்பக்கம் சுழலும். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள்: ஹேண்டில்பார் திரும்பும் அச்சை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தரையில் முட்டும். தொடும் இடம் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் சக்கரம் தான் போகும் திசையைப் பார்த்தே நிற்க முயலும். காரின் முன் சக்கரமும் அதே சாய்வில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. உடல் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரம் போகிற திசையைத் தேடிக்கொள்ளும். தேர்ந்த டிரிஃப்டர்களின் கையைக் கவனித்தால் தெரியும். அவர்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதை விட அதை உள்ளங்கைக்குள் ஓட விட்டு, சரியான இடத்தில் பிடிப்பதுதான் அதிகம்.

ஜப்பானில் இந்தக் கலை பந்தயத் தடத்திலிருந்து மலைப்பாதைக்கு இறங்கி, பிறகு மறுபடி தடத்துக்கே ஏறியது. 1970-களில் குனிமிட்சு தகஹாஷி பந்தயங்களில் வாலை வீசி வளைந்தார். அவரைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகிய கெய்ச்சி சுச்சியாவின் 1987 வீடியோ ஒரு தலைமுறையையே கெடுத்தது, அல்லது வளர்த்தது. 2001-இல் டி1 என்ற பெயரில் முறையான போட்டித் தொடர் வந்துவிட்டது. இதில் முதலில் வருபவர் ஜெயிப்பதில்லை. கோணம், வேகம், பாதை, பார்க்க எப்படி இருந்தது என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் கார் பந்தயத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

சிமுலேட்டருக்கு எது தெரியும்

டிரிஃப்ட் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. நாம் மேலே போட்ட கணக்கை, நான்கு டயருக்கும் தனித்தனியாக, விநாடிக்கு 300 தடவைக்கு மேல் அது போட்டுக்கொண்டே இருக்கிறது. எந்த டயரில் எவ்வளவு எடை, எத்தனை டிகிரி சறுக்குக் கோணம், கையிருப்பில் எவ்வளவு மிச்சம். அந்த முடிவை வைத்து ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டாரைச் சுழற்றுகிறது. அதனால் கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக எதிர்ப்பக்கம் ஓடுவதை மேசையிலேயே உணரலாம். ஆக்சிலேட்டரில் காலை எந்த அளவு வைத்தால் வால் நிற்கும் என்பதையும், பார்வை பானெட்டில் அல்ல, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அது செலவில்லாமல் சொல்லித்தரும். நிஜத்தில் ஒரு மாலைப்பொழுதில் இரண்டு டயர் தேய்ந்து கம்பி தெரியும்.

பந்தயத்தில் இது ஏற்கெனவே நிரூபணமான வழி. பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ 2011-இல் நிசான் நடத்திய கிரான் டூரிஸ்மோ விளையாட்டுப் போட்டியில் ஜெயித்து, 2013-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார்.

ஆனால் பந்தயம் வேறு, டிரிஃப்ட் வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் வாய்பாட்டை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேக்கா 1980-களில் உருவாக்கினார். அதற்கு ‘மாய வாய்பாடு’ என்றே பெயர். இயற்பியலின் அடிப்படை விதியிலிருந்து பிறந்ததல்ல. அளந்த புள்ளிகளின் மேல் அழகாகப் பொருந்தும் வளைகோடு. எனவே அளந்த இடத்தில் அது துல்லியம். டயர்களைப் பெரும்பாலும் அளப்பது பந்தயக்காருக்கும் தெருக்காருக்கும் தேவையான சிறிய கோணங்களில். 40 டிகிரியில் புகை கக்கிக்கொண்டிருக்கும், சூடேறி இளகும் டயர் அந்த வளைகோட்டின் வால்நுனி. அங்கே ஊகம் நிறைய. டிரிஃப்ட் முழுவதும் குடியிருப்பது அந்த நுனியில்தான். பந்தய சிமுலேட்டரை எவ்வளவு நம்பலாமோ அந்த அளவு டிரிஃப்ட் சிமுலேட்டரை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

காதுக்குள் மூன்று வளையம்

சிமுலேட்டரில் இல்லவே இல்லாத ஒன்று உட்காதில் இருக்கிறது. அங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை சுழன்றால் குழாய் சுழலும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை நரம்பு மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே சிறு சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள். சாய்வையும் இழுப்பையும் அவை சொல்லும். இந்த ஏற்பாடு மிக வேகமானது. தலை திரும்பியதும் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்தும் அனிச்சைச் செயல் சுமார் 10 மில்லி விநாடியில் தொடங்கிவிடுகிறது. நகரும் பொருளைக் கண்ணால் பார்த்து மட்டும் தொடர வேண்டுமானால் சுமார் 100 மில்லி விநாடி.

நிஜக் காரில் வால் வெளியே போவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே இடுப்பும் காதும் அறிந்துவிடுகின்றன. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சீட் அசைவதில்லை. திரையையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் நம்பி ஓட்டப் பழகியிருக்கிறார். வால் விநாடிக்கு 60 டிகிரி வீதம் வீசுகிறது என்றால், பத்தில் ஒரு விநாடித் தாமதத்தில் 6 டிகிரி போய்விடும். அது மன்னிக்கத்தக்க தாமதம்தான். பெரிய சிக்கல் வேறு இடத்தில். நிஜக் காரில் ஏறியதும் அந்தப் பையனின் உடலுக்கு முதல் தடவையாக, எடையில் பாதி அளவு பக்கவாட்டு இழுப்பு கிடைக்கிறது. கழுத்து சாய்கிறது, வயிறு புரளுகிறது, கை தானாக இறுகுகிறது. ஸ்டீயரிங்கை ஓடவிட வேண்டிய நேரத்தில் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். மாதக்கணக்கில் பழகிய கை அந்த ஒரு பயத்தில் பூட்டிக்கொள்கிறது.

எதிர்மாறாகவும் நடக்கும். நிஜத்தில் பழுத்த ஓட்டுநரைச் சிமுலேட்டரில் உட்கார வைத்தால் அவருக்குக் குமட்டும்; கண் ‘சுழல்கிறோம்’ என்கிறது, காது ‘இல்லையே’ என்கிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் இதைக் கவனித்தார்கள்: மாணவர்களை விட அனுபவமுள்ள பயிற்சியாளர்களுக்கே தலைசுற்றல் அதிகம்.

எந்த வண்டி, எந்த இடம்

இன்று நம் தெருவில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வால் வீசாது. முன் டயரின் கையிருப்பு தீர்ந்து மூக்குதான் வெளியே தள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து பின்சக்கரங்களைப் பூட்டினால் ஒரு வீச்சு வரும், அதைத் தொடர முடியாது. பின்சக்கர ஓட்டமுள்ள வண்டி என்றால் நம் ஊரில் அம்பாசடர், பத்மினி, கான்டெஸ்ஸா, ஜிப்ஸி, ஆம்னி. இவற்றில் ஆம்னியைத் தொடவே வேண்டாம். உயரம் அதிகம், அகலம் குறைவு. பக்கவாட்டுப் பிடி தீர்வதற்கு முன்னாலேயே ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பலாம். கான்டெஸ்ஸா நீளமும் அகலமுமான வண்டி. கிடைத்தால் பாக்கியம், உதிரிபாகம் கிடைத்தால் பெரும்பாக்கியம்.

மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் பேசப்போவது பின்னச்சின் நடுவில் இருக்கும் கிரவுனைப் பற்றி. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது அனுமதிக்கிறது. டிரிஃப்டுக்கு அதுவே இடைஞ்சல். எடை குறைந்த உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று, வெளிச்சக்கரம் சும்மா உருளும். உள்ளேயுள்ள பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக்கிவிடுவது உலகெங்கும் ஏழை டிரிஃப்டரின் வைத்தியம். அந்த வண்டியை அப்புறம் தெருவில் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயரை அரைத்துக்கொண்டு போகும், சட்டப்படியும் குற்றம்.

இடம். கிரிவலப் பாதை அல்ல என்று எழுத வேண்டியிருப்பதே அபத்தம், ஆனாலும் எழுதிவிடுகிறேன். பௌர்ணமி இரவில் போலீஸ் அங்கே வண்டியே விடுவதில்லை. மற்ற நாட்களிலும் விடியற்காலை மூன்று மணிக்குக்கூட வெறுங்காலில் யாரோ நடந்துகொண்டிருப்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து ஜப்பான் ஞாபகம் வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரியான இடம் வேண்டுமென்றால், திருவண்ணாமலையிலிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் விட்டுவிட்டு, 1990-இல் சொந்தமாக இங்கே தடம் போட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். கோவைப் பக்கம் உள்ளவர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர், 2003-இல் திறந்தது. நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அலுவலகமும் சென்னையில்தான். போட்டிக்கு அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும்.

நேராக டிரிஃப்டில் குதிப்பதை விட ஆட்டோகிராஸ் நல்ல வாசல். மூடிய மைதானத்தில், கோன் நட்ட பாதையில், கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது. பெரும்பாலும் மண் தரை. மண்ணில் பிடி எண் குறைவு. அதனால் சாதாரண மாருதியில்கூட, குறைந்த வேகத்தில், டயர் கையை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

முதல் வட்டத்திலிருந்து எட்டுக்கு

ஹாக்கன்ஹைம் வட்டத்தைச் சுருக்குவோம். நடுவில் ஒரு கோன், அதைச் சுற்றி 10 மீட்டர் ஆரத்தில் ஈரத் தரை. பிடி எண் அதே 0.5. எவ்வளவு வேகத்தில் கையிருப்பு தீரும்? மணிக்கு 25 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இதை விட வேகமாகப் போகும். காய்ந்த தரையில் அதே வட்டத்துக்கு 34 கிலோமீட்டர் வேண்டும். எஞ்சின் அதிகம் உழைக்க வேண்டும், டயர் கரையும், ஒரு சுற்று ஏழு விநாடிக்குள் முடிந்துவிடும். ஈரத்தில் ஒன்பது விநாடி. அந்த இரண்டு விநாடிதான் மூளை காதோடு பழகிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். உலகின் பெரிய பயிற்சிக்கூடங்கள் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பது இதற்காகவே. 2017-இல் அமெரிக்காவில் ஒரு பி.எம்.டபிள்யூ எட்டு மணி நேரத்தில் 374 கிலோமீட்டர் சறுக்கியதும் ஈர வட்டத்தில்தான். பெட்ரோல் தீரத் தீர, பக்கத்தில் சறுக்கிக்கொண்டே வந்த இன்னொரு காரிலிருந்து குழாய் நீட்டி நிரப்பினார்கள்.

முதல் நாள் வேலை ஒன்றே ஒன்று: வட்டத்தில் வாலை வெளியே எடுத்து, அங்கேயே வைத்திருப்பது. பக்கத்துச் சீட்டில் பயிற்சியாளர், தலையில் ஹெல்மெட், சுற்றிலும் முட்ட ஒன்றுமில்லாத வெட்டவெளி. சிமுலேட்டரில் வந்தவருக்குக் கால் சீக்கிரம் பிடிபடும். கழுத்தும் கையும் இறுக்கம் விட நேரமாகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டுவதில் பிரயோஜனமில்லை. வேகத்தின் கணக்கு வர்க்கத்தில் ஏறும் என்பதை மேலே பார்த்தோம். இடிக்கும்போதும் அதே வர்க்கம்தான்.

இரண்டு திசையிலும் வட்டம் வந்துவிட்டால் அடுத்தது எட்டு. லைசென்ஸுக்காக ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்ட அதே எட்டு, இந்தத் தடவை சறுக்கிக்கொண்டு. இரண்டு கோன், இரண்டு வட்டம். சிக்கல் நடுவில் அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில். 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடத்தின் ஏழு மீட்டரைக் கடக்க ஒரு விநாடி. அதற்குள் முன் சக்கரங்கள் வலது பக்கம் 20 டிகிரியிலிருந்து இடது பக்கம் 20 டிகிரிக்கு வர வேண்டும். ஸ்டீயரிங் 15 டிகிரி திரும்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும் வண்டி என்றால், ஒரே விநாடியில் ஸ்டீயரிங் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். கையை மாற்றி மாற்றிச் சுழற்றினால் நடக்காது. விட்டால் அது தானே ஓடும்.

வீட்டு ஸ்டீயரிங்குக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் அதிகம் தெரியும். பரவலாக விற்கும் லாஜிடெக் ஜி29 போன்றவற்றின் மோட்டார் தரும் முறுக்கு சுமார் 2 நியூட்டன் மீட்டர். ஸ்டீயரிங் விளிம்பில் ஒன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. நிஜக் காரில் அது நடுவைத் தாண்டிப் பறக்கும் வேகம் இந்த மோட்டாருக்கு வராது. எனவே வீட்டில் பழகியவர்கள் அதைக் கையால் தள்ளி உதவக் கற்றுக்கொள்கிறார்கள். நிஜத்தில் அந்த உதவி அளவுக்கு மிஞ்சிப் போகும். விரல்கள் விளிம்பை உரசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். உடல் எடை மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பிடிக்க வேண்டும். முன்னால் பிடித்தால் சறுக்கல் நின்று வண்டி நேராக ஓடிவிடும். பின்னால் பிடித்தால் சுழன்று கோனை இடிக்கும். ஈரத் தரையில், 25 கிலோமீட்டர் வேகத்தில், அதற்கான செலவு ஒரு பிளாஸ்டிக் கோன்.